உருகிய பாறையா, வெந்த பாறையா

எண்பதுகளின் நடுவில் சில வருடங்களை, சேர்வராயன் மலையின் பாறை எப்போதாவது உருகிக் கிடந்ததா என்று தெரிந்துகொள்வதற்காகச் செலவழித்தேன். என்னோடு படித்தவர்கள் அந்த நேரத்தில் வங்கித் தேர்வு எழுதினார்கள், பி.எட். சேர்ந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் சுத்தியல் வாங்கினேன். என் அப்பா சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் ஆராய்ச்சி, ஜியாலஜி, முனைவர் பட்டம் என்றெல்லாம் விளக்கிக் களைத்துப்போய், கடைசியில் "மலையில கல்லு உடைக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கப்புறம் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வரன் கொண்டுவருவதும் ஒருவழியாக நின்றது. ஆராய்ச்சியால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான். இரண்டாவது நன்மைக்கு நிறைய நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

என்னை இதில் இறக்கிவிட்டவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். உயரமாக, ஒல்லியாக, எப்போதும் எங்கேயோ பஸ்ஸைத் தவறவிட்டவர் போன்ற முகத்தோடு இருப்பார். மனிதன் நிலாவில் கால் வைத்த அன்று ஊரே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து "இறங்கிட்டானா, இறங்கிட்டானா" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் "கல்லு எடுத்தானா?" என்று கேட்டாராம். எடுத்தான். அந்தக் கற்கள் பூமிக்கு வந்த பிறகு இவர் வாழ்க்கை பழையபடி இல்லாமல் போய்விட்டது. அவற்றில் ஒரு சில்லைக்கூட இவர் கண்ணால் பார்த்ததில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அவற்றைப் பற்றி வந்த கட்டுரைகளை, யார் யாரிடமோ கேட்டு மங்கலான பிரதிகளாக வரவழைத்துப் படித்தார். படித்ததையெல்லாம் எங்களிடம் சொன்னார். நாங்கள் கேட்காமலேயே சொன்னார்.

விஷயம் இதுதான். நிலாவிலிருந்து வந்த மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சில கல் துணுக்குகள் கிடந்தன. அவை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தவர்கள், நிலாவின் மேற்பரப்பு முழுவதுமே ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கடல் ஆறும்போது கனமான படிகங்கள் அடியில் போய்விட்டன, லேசானவை மிதந்து மேலே வந்து ஒன்றோடொன்று ஒட்டி மேலோடு ஆகிவிட்டன. நிலாவே அப்படியென்றால் பூமி மட்டும் பிறக்கும்போதே மண்ணும் மரமுமாகவா பிறந்திருக்கும்? பெரிய பெரிய பாறைக் கோளங்கள் மோதி மோதிச் சேர்ந்ததுதானே பூமி. அத்தனை மோதலின் சூடும் எங்கே போகும்? ஆகவே பூமியும் தீக்கடலாகத்தான் இருந்தது. இரும்பெல்லாம் நடுவில் இறங்கியது. காற்றும் நீராவியும் மேலே கம்பளியாகப் போர்த்தின. ஆறுகிற பாலில் போல ஆடை கட்டியது, உடைந்தது, மறுபடி கட்டியது. இன்றைக்கு நாம் நிற்கிற தரை, குடிக்கிற தண்ணீர், மூச்சு விடுகிற காற்று எல்லாவற்றுக்கும் அந்தக் கடல் ஆறிய விதம்தான் காரணம்.

நல்ல கதைதான். ஆனால் பேராசிரியர் எந்தப் பாடம் எடுத்தாலும் கால் மணி நேரத்தில் இந்தக் கடலுக்கு வந்துவிடுவார். நிலத்தடி நீர் பாடத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தால்கூட, வெட்டி வெட்டி அங்கேயே போய் முடிப்பார். மாணவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இதில் ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. அந்தக் கடலின் மிச்சம் எதுவும் பூமியில் இல்லை. பூமி தன் பழைய தோலைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துக் கரைத்துவிட்டது. சேர்வராயன் மலையில் இருப்பது சார்னகைட் என்கிற பாறை. உடைத்தால் எண்ணெய் தடவியதுபோல ஒரு கரும்பச்சைப் பளபளப்பு. வயதானதுதான், ஆனால் தீக்கடல் ஆறிப்போய் இருநூறு கோடி வருடம் கழித்துப் பிறந்தது. அதனால் என்ன? பேராசிரியருக்கு நிலாவுக்குப் போக வழியில்லை. ஏற்காட்டுக்கு பஸ் இருந்தது.

இந்தப் பாறையைப் பற்றி நிபுணர்களுக்குள் நீண்ட நாள் சண்டை ஒன்று உண்டு. ஒரு கட்சி, இது உருகிய குழம்பாக இருந்து ஆறிக் கெட்டியானது என்றது. இன்னொரு கட்சி, உருகவே இல்லை, ஆழத்தில் கிடந்து சூளையில் செங்கல் வேகிற மாதிரி வெந்தது, அவ்வளவுதான் என்றது. எங்கள் பேராசிரியர் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை. உருகியது என்று நான் நிரூபித்துவிட வேண்டும். பிறகு கடைசி அத்தியாயத்தில் அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவி ஆதித் தீக்கடலுக்குப் போய்விட வேண்டும். "தாத்தா போட்டோ இல்லைன்னா என்னம்மா, பேத்தி மூக்கைப் பார்த்துச் சொல்ல முடியாதா?" என்பார். முடியாது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

ஏற்காட்டைத் தாண்டி, கொட்டச்சேடு என்கிற மலைக் கிராமத்தில் ஒரு வீட்டில் தங்கினேன். மலைக்காரக் குடும்பம். கொஞ்சம் காபி, கொஞ்சம் ஆரஞ்சு, மேட்டில் சாமையும் கேழ்வரகும். வீட்டு அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்கும். அவள் கணவர் ஏற்காட்டுக்கும் கொட்டச்சேட்டுக்கும் இடையே ஜீப் ஓட்டினார். இருவரும் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஒரு படித்த பெண் காலையில் வெறும் பையோடு போய்ச் சாயங்காலம் பை நிறையக் கல்லோடு வருவதை அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள்.

ஒருநாள் கேட்டாள். "ஏங் கண்ணு, இத வித்தா நல்ல வெல வருமா?"

"விக்கறதுக்கு இல்லீங்கக்கா. ஆராய்ச்சிக்கு."

"ஆராஞ்சு என்ன பண்ணுவாங்க?"

"இது முன்னாடி உருகி இருந்துச்சா இல்லையான்னு கண்டுபிடிப்பாங்க."

"உருகி இருந்துச்சுன்னா?"

"டாக்டர் பட்டம் குடுப்பாங்க" என்றேன். அக்கா திருப்தியாகத் தலையாட்டினாள். மறுநாள் வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், நான் டாக்டருக்குப் படிப்பதாகவும், முதல் கட்டமாகக் கல் எடுப்பதில் பயிற்சி நடப்பதாகவும் சொன்னாள். சிறுநீரகக் கல் உள்ள ஒருவர் அடுத்த வாரம் என்னைப் பார்க்க வந்துவிட்டார்.

கற்களைப் புழக்கடையில் பலா மரத்தடியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் பெயின்டால் எண் போட்டு வைத்தேன். அவற்றில் ஒன்று மட்டும் தனி. கரடியூருக்குப் போகும் வழியில் எடுத்தது. கருத்த பாறையின் குறுக்கே வெளிறிய கோடு ஒன்று நெளிந்து நெளிந்து போகும். உருகிய குழம்பு ஓடிய தடம் என்று பேராசிரியர் அதைக் கையில் வாங்கியதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சொன்னார். ஆய்வேட்டில் அதன் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போடச் சொன்னார். அதைக் கொண்டுபோய் மற்றவற்றுக்கு மேலே, நன்றாகக் கண்ணில் படும்படி வைத்தேன். பெரிய தவறு அது என்று பிறகு தெரிந்தது.

ஒருவழியாக ஆய்வேடு முடிந்தது. கடைசி அத்தியாயம் தீக்கடல். அதை நான் எழுதினேன் என்று சொல்வது மரியாதைக்காக. பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சுக்குக் கொடுத்தேன். பரீட்சகராகச் சென்னையிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர். இந்த மலைப் பாறைகள் உருகவே இல்லை என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். நாட்டில் எத்தனையோ பரீட்சகர்கள் இருக்க, என் அதிர்ஷ்டம் இவரைத்தான் கண்டுபிடித்தது. அவர் வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாளே வந்து, பாறைகளை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

காபிப் பழம் பறிக்கிற பருவம். ஏற்காட்டில் நல்ல பனி. பரீட்சகர் இரவு ரயிலில் சேலம் வந்து, காலை பஸ்ஸில் மலை ஏறினார். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றும் அவர் வயிற்றில் கையை விட்டுத் திருகியிருக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, உருகுதல் என்றால் என்ன என்பது பற்றி அவருக்கு நேரடி அனுபவம் கிடைத்திருந்தது போலிருந்தது. குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து அங்கே காத்திருந்த என்னையும் பேராசிரியரையும் பார்த்து, "சுவாரசியமான ரோடு" என்றார். அவருக்குப் பிடிக்காத எதையும் அவர் அப்படித்தான் சொல்வார் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கணவர் ஜீப்பில் எங்களை ஏற்றினார். "சார், முன்னால உக்காந்துக்குங்க. வாந்தி வந்தா சொல்லுங்க, நிறுத்தறேன். போன வாரம் ஒருத்தரு சொல்லாம எடுத்துட்டாருங்க." பரீட்சகர் கண்ணை மூடிக்கொண்டார்.

கரடியூர் பக்கம் ரோட்டோரப் பாறையில் நிறுத்தினோம். மற்ற நாட்களில் அங்கிருந்து கீழே சமவெளி முழுவதும் தெரியும். அன்று எதிரே நின்ற சில்வர் ஓக் மரமே பாதிதான் தெரிந்தது. இரண்டு பெரியவர்களும் பாறையைச் சுத்தியலால் தட்டினார்கள். தண்ணீர் விட்டு நனைத்தார்கள். லென்ஸை வைத்து மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தார்கள்.

"பாருங்க சார். குழம்பு ஓடின மாதிரியே இருக்கு" என்றார் பேராசிரியர்.

"சுவாரசியமா இருக்கு ஸார். எனக்கு இது ஆழத்துலேருந்து வாயு ஏறின வழி மாதிரி தெரியறது. கல்லு இருந்த இடத்துலயே இருந்திருக்கு. வெந்திருக்கு."

"உருகாம எப்படி சார் இப்படி நெளியும்?"

"ஏன் ஸார் நெளியக் கூடாது?"

இதே இரண்டு வாக்கியங்களை அவர்கள் பாறைக்குப் பாறை சொல்லிக்கொண்டார்கள். குரல் உயரவே இல்லை. 'சார்' மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. எந்தப் பக்கம் தலையாட்டினாலும் என் பட்டம் போய்விடும் என்பதால் நான் பாறையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர் என் காதருகே குனிந்து, "ஏனுங்க, எடம் வாங்கறாங்களா?" என்று கேட்டார்.

மதியம் கொட்டச்சேட்டில் சாப்பாடு. சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, கோழி வறுவல். பரீட்சகரின் வயிறு சமாதானமாகிவிட்டிருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும் என்னைப் பார்த்து, "அந்த முழுப் பக்கப் படத்துல இருக்கே, அந்தக் கல்லைப் பாக்கலாமா?" என்றார்.

புழக்கடைக்குப் போனேன். பலா மரத்தடியில் கற்கள் அடுக்காக இருந்தன. மேலே இருந்த கல்லைக் காணோம். பத்தடி தள்ளி, அக்கா வெளியில் அடுப்புக் கூட்டி, பெரிய பாத்திரம் ஒன்றில் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மூன்று கற்கள் மேல் பாத்திரம். மூன்றிலும் பெயின்ட் எண் தெரிந்தது. என் பக்கமாக இருந்தது என் முழுப் பக்கப் படம். நெளிந்து போன வெளிறிய கோட்டின் மேல் கரி பிடித்திருந்தது.

"அக்கா, இந்தக் கல்லு..."

"ஆமாங் கண்ணு. சாருங்க நொம்ப தூரத்துல இருந்து வந்திருக்காங்க, ரெண்டு கடலை உருண்டை பிடிச்சுக் குடுக்கலாம்னுதான். எங்க அடுப்புக் கல்லு உருண்டு உருண்டு போகுது. உம்படது நல்லாப் பட்டையா இருந்துச்சு. எல்லாம் பாத்துத்தான் எடுத்தேன், நம்பர மாத்தல."

திரும்பினால் பின்னாலேயே இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். பரீட்சகர் அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தீ நாக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதானாம்மா?"

"ஆமா சார்."

"சுவாரசியமா இருக்கு" என்றார். "உருகித்தான் ஆகணும்னு முடிவே பண்ணிட்டீங்க போலருக்கு."

பேராசிரியர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கல்லைப் பார்க்கவே இல்லை. பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்லம் கொதித்து, அழுக்கு நுரை திரண்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. அக்கா கரண்டியால் அதை வழித்தெடுக்கப் போனாள்.

"அம்மா, அதை எடுத்துடாதீங்க. கொஞ்சம் இருங்க."

"அழுக்குங்க சார் அது."

"அழுக்குதான். நிலாவுல வெள்ளையாத் தெரியுதே, அதுவும் இப்படி ஒதுங்கின அழுக்குதான்."

அக்கா கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். "நெலாவா?"

அவ்வளவுதான். பேராசிரியர் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூமி முழுக்க இப்படித்தான் இருந்தது என்றார். மலை கிடையாது, மரம் கிடையாது, கால் வைக்க ஓர் இடம் கிடையாது, எங்கே பார்த்தாலும் கொதிக்கிற கல். உங்கள் வெல்லத்தில் மண் அடியில் தங்குகிற மாதிரி இரும்பு நடுவில் போய்த் தங்கியது. அந்த இரும்பு அங்கே இருப்பதால்தான் காம்பஸ் ஊசி வடக்கே பார்க்கிறது. லேசானது மேலே வந்தது.

"ஆனா ஸார், பூமியில அப்படி ஒரு மேலோடு மிதந்ததுக்கு ஆதாரம்..." என்று பரீட்சகர் ஆரம்பித்தார்.

"நீங்க சித்த இருங்க சார், அவிய சொல்லட்டும்" என்றாள் அக்கா. பேராசிரியரிடம் திரும்பி, "அப்புறம்?" என்றாள்.

பேராசிரியர் முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருடமாக வகுப்பு எடுத்தவர். அவரிடம் யாரும் "அப்புறம்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "பரீட்சைக்கு எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மேலே ஆடை கட்டியது, என்றார். வானத்திலிருந்து இன்னொரு பெரிய பாறை வந்து விழும். ஆடை கிழியும். மறுபடி கொதிக்கும். இப்படி எத்தனை முறை என்று யாருக்கும் தெரியாது. கல்லுக்குள் இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகி மேலே நின்றது. சூரியனே தெரியாத அளவுக்கு மேகம். கடைசியில் தரை ஆறி ஆறி, ஒருநாள் அது மழையாக இறங்கியது.

"ஐப்பசியில இங்க பேயற மாதிரிங்களா?"

"அதைவிட அதிகம். வெந்நீர் மழை. நிக்காம."

"ஆத்தீ" என்றாள் அக்கா. விறகைத் தள்ளியதைத் தவிர வேறு எதையும் அவள் செய்யவில்லை. ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் துணியோடு வந்து நின்றார். பரீட்சகர்கூட, வாய் திறக்க அனுமதி இல்லாததால், கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப அந்தக் கடலு இப்ப எங்கீங்க சார்?"

"இல்லீங்கம்மா. பூமி அதை மடக்கி மடக்கி உள்ளே இழுத்துக்கிச்சு. ஒரு துண்டுகூட மிச்சமில்ல."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். என்னைக் கையால் காட்டினாள். "அப்ப இந்தப் புள்ள எதுக்குங்க இங்க வந்து ஒடைக்குது?"

பரீட்சகர் சிரித்தார். குல்லா நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். அக்கா அவரை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். பேராசிரியர் பதில் கண்டுபிடிப்பதற்குள் தீய்ந்த வாசம் வந்துவிட்டது. "ஐயய்யோ, பாகு!" என்று அக்கா பாய்ந்து பாத்திரத்தை இறக்கினாள். வடிகட்டவும் இல்லை, பதம் பார்க்கவும் இல்லை. ஆனாலும் கடலையை வீணாக்க அவளுக்கு மனமில்லை. கொட்டிக் கிளறி, கை சுடச் சுட, விருந்தாளிகளின் முன்னாலேயே உருண்டை பிடித்தாள்.

அவை நொடியில் இறுகின. கருப்பாக, பளபளப்பாக, ஒரு சார்னகைட் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தன. பேராசிரியர் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அனுபவசாலி. பரீட்சகர் மரியாதை தெரிந்தவர், கடித்தார். ஒரு சத்தம் கேட்டது. கடலை உடைந்த சத்தம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொள்ள விரும்பினோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பிறகு கைக்குட்டையில் எதையோ பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, "சுவாரசியமா இருக்கும்மா" என்றார்.

"இன்னொண்ணு எடுத்துக்குங்க சார்" என்றாள் அக்கா.

மறுநாள் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. பரீட்சகரின் ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. அரை நாள் நடக்கும் என்று நான் பயந்திருந்த தேர்வு கொஞ்ச நேரத்தில் முடிந்துபோனது. கேட்ட கேள்விகளில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. புரியாத கேள்விக்கு என்ன சொன்னாலும் பதில்தான் என்பதால் நான் தைரியமாகச் சொன்னேன். பாறைகளின் விவரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஒரு நிபந்தனை: கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். "அது ஆராய்ச்சி இல்லை. கதை."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பேராசிரியர், "எடுத்துடறோம் சார்" என்றார்.

அந்த அத்தியாயத்தைத் தட்டச்சு செய்யக் கொடுக்கும்போதே நான் அதைக் கேலி செய்தவள். விடுதித் தோழிகளுக்கு அதைப் பேராசிரியரின் குரலில் படித்துக்காட்டிச் சிரிக்க வைத்தவள். அதை எடுக்கச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம் வந்தது, அதுவும் யார் மேல் என்று தெரியாத கோபம். பரீட்சகர் சொன்னதில் தவறில்லை. கொட்டச்சேட்டுக் கல்லிலிருந்து ஆதித் தீக்கடலுக்குப் பாலம் கிடையாது. ஆனால் 'கதை' என்ற அந்த வார்த்தை வந்தபோது பேராசிரியர் முகத்தில் எதுவும் மாறவில்லை என்பதை நான் பார்த்தேன். இதே வார்த்தையை அவர் எத்தனை தடவை கேட்டிருந்தால் முகம் அப்படி அசையாமல் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்தேன். "சார், நீங்க ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்றேன்.

"பேசினா உனக்கு இன்னொரு வருசம் போகும். உங்கப்பா என்னைக் கல்லால அடிப்பாரு."

"அதுக்கில்ல சார்."

"இதப் பாரும்மா. பட்டம் வாங்கிட்டு, அப்புறமா அதை எழுதிக்கோ. பட்டம் வாங்கினவங்க என்ன எழுதினாலும் பிரச்சினையே இல்ல. யாரும் படிக்க மாட்டாங்க." அவர் பஸ் வந்தது. இந்த முறை தவறவிடாமல் ஏறிக்கொண்டார்.

அத்தியாயத்தை எடுத்தேன். ஆய்வேடு மெலிந்து, மிகவும் மரியாதைக்குரிய முறையில் சலிப்பூட்டுவதாக ஆகியது. பட்டம் வந்தது. அப்பா உறவுக்காரர்களிடம், "கல்லு உடைச்சு முடிச்சிருச்சு" என்றார். ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவருக்குக் கல்லூரியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான வருடங்களில் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பொருத்தமான பரிசுதான்.

தொண்ணூறுகளில் தீக்கடல் மெல்ல மெல்லப் பாடப் புத்தகங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் அதைக் கதை என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தலைமை உரை நம் பரீட்சகருடையது. மேடை ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆதியில் பூமி உருகிய பாறைக் கடலாக இருந்தது என்பது நாம் அனைவரும் அறிந்ததே" என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையில் இருந்த நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். சேர்வராயன் பாறை உருகவில்லை, வெந்தது என்பதையும் அவர் அதே உரையில் சொன்னார். அதிலும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நியாயம் என்று அதற்குள் எனக்கே தெரிந்துவிட்டிருந்தது. ஆக, பேராசிரியர் பூமியைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருந்தார், ஏற்காட்டைப் பற்றித் தவறாகச் சொல்லியிருந்தார். பரீட்சகர் ஏற்காட்டைப் பற்றிச் சரி. பூமியைப் பற்றி, எல்லோரும் சொன்ன பிறகு சரி. எதையும் நம்பாமல் இருவருக்கும் தலையாட்டியவள் நான்தான். எனக்குத்தான் டாக்டர் பட்டம்.

சேலம் திரும்பியதும் பேராசிரியரின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஈசிசேரில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டார். "அனைவரும் அறிந்ததேன்னா சொன்னாரு?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் கண் கலங்கும், அல்லது ஏதாவது பெரிய வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"மத்தியானச் சாப்பாடு எப்படி?" என்றார். "கருத்தரங்குல அதுதானே முக்கியம்."

சொன்னேன். பிறகு அவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து என்னை முறைக்கும் வரை நிற்கவில்லை.

அந்த வருடம் என் மாணவிகளை ஏற்காட்டுக்குக் கள ஆய்வுக்குக் கூட்டிப்போனேன். பாதிப் பேர் பஸ்ஸில் வாந்தி எடுத்திருந்தார்கள். மீதிப் பேர் படகுத் துறைக்கு எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரப் பாறையின் முன்னால் நிறுத்தி, உருகினதா வெந்ததா என்ற பாடத்தைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். எழுதட்டும் என்று விட்டிருக்கலாம். ஏனோ, பூமி பிறந்தபோது எப்படி இருந்தது தெரியுமா என்று கேட்டுவிட்டேன்.

முன்னால் நின்ற பெண் பேனாவைத் தூக்கியபடி, "மேடம், இது பரீட்சைக்கு வருமா?" என்றாள்.

"வராது" என்றேன்.

ஒருவர் பாக்கியில்லாமல் நோட்டை மூடினார்கள். சரி, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் மூடிய நோட்டுகளை ரோட்டோர ஈர மதிலின் மேல் போட்டு, ஒவ்வொருவராக அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்து, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

"சொல்லுங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.